சாம்பல் கலந்த அலுமினியம்: கடினம் ஏறுகிறது, வலிமை இறங்குகிறது. எங்கே தவறு?

#1 · தறிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எம்.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அனல்மின் நிலையச் சாம்பலை 6061 என்ற அலுமினிய அலாயில் (உலோகக் கலவையில்) கலந்து, ஸ்டிர் காஸ்டிங் முறையில் (உருக்கிக் கலக்கி வார்ப்பது) காம்போசிட் (கூட்டுப்பொருள்) செய்வதுதான் என் ப்ராஜெக்ட். எடையில் 5%, 10% என இரண்டு அளவில் வார்த்திருக்கிறேன்.

செய்தது இப்படி. கிராஃபைட் குரூசிபிளில் (உருக்கும் பாத்திரத்தில்) ஒரு கிலோ 6061 உருக்கி, 750 டிகிரிக்குக் கொண்டுபோனேன். வாயுவை வெளியேற்றும் டீகேஸிங் மாத்திரை போட்டு, மேலே வந்த கசடை எடுத்தேன். சாம்பலை 110 டிகிரியில் ஒரு மணி நேரம் காய வைத்து, ஸ்டிரர் 600 ஆர்பிஎம்மில் சுற்றும்போது சுழியில் கொட்டினேன். 10 நிமிடம் கலக்கி, இரும்பு டையில் (அச்சில்) ஊற்றினேன்.

முடிவுதான் குழப்புகிறது. கடினத்தன்மை 5 சதவீதத்தில் கொஞ்சம், 10 சதவீதத்தில் இன்னும் கொஞ்சம் என்று ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் இழுவலிமை, 10% சாம்பலில் 96 மெகாபாஸ்கல்தான் வருகிறது. கையேட்டில் 6061க்கு 310 என்று போட்டிருக்கிறது. அடர்த்தி 2.48, எடை குறைந்திருக்கிறதே என்று அதில் மட்டும் சந்தோஷப்பட்டேன்.

கட்டுரைகளில் எல்லாம் 10% வரை வலிமை ஏறுகிறதே, உனக்கு மட்டும் ஏன் இறங்குகிறது என்று வழிகாட்டி கேட்கிறார். அறிக்கை கொடுக்க ஆறு வாரம் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · மணல்வார்ப்பு

அம்மிணி, எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், நல்லது. பதில் சொல்லும் முன் சில விவரம் வேண்டும்.

சாம்பலே போடாமல், அதே உலையில் அதே மாதிரி கலக்கி, அதே டையில் ஒரு வார்ப்பு ஊற்றினீர்களா? டையைச் சூடு செய்தீர்களா? ஸ்டிரர் என்ன உலோகம், அதன் மேல் பூச்சு ஏதாவது உண்டா? மக்னீசியம் தனியாகப் போட்டீர்களா? சாம்பல் எங்கே வாங்கியது?

நான் கோவை குறிச்சிப் பக்கம் அலுமினிய ஃபவுண்டரி வைத்திருக்கிறேன். 31 வருஷம் ஆகிறது. பெரும்பாலும் பம்பு உறுப்புகள்.

#3 · தறிக்கரை

ஐயா, சாம்பல் போடாத வார்ப்பு ஊற்றவில்லை. கையேட்டு மதிப்பு இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். டை சூடு செய்யவில்லை. ஸ்டிரர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பூச்சு இல்லை. 6061இல் ஏற்கெனவே 1% அளவுக்கு மக்னீசியம் இருப்பதால் தனியாகப் போடவில்லை. சாம்பல், மேட்டூரிலிருந்து லோடு எடுக்கும் ஒரு செங்கல் சூளைக்காரரிடம் வாங்கியது. வெளியில் குவித்து வைத்திருந்தார்கள்.

#4 · மணல்வார்ப்பு

சரி, இப்போது சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 310ஐ மறந்துவிடுங்கள். அது எக்ஸ்ட்ரூஷனில் தள்ளியோ உருட்டியோ எடுத்து, டி6 ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் வைப்பது) முடித்த 6061இன் வலிமை. நீங்கள் ஊற்றியது குளிர்ந்த டையில், ஹீட் ட்ரீட்மென்ட் இல்லாமல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. அதைவிட முக்கியமான ஒன்று: 6061 ஊற்றுவதற்கான அலாய் கிடையாது. சிலிக்கன் 1 சதவீதம்கூட இல்லாததால் ஓட்டம் போதாது, உறையும்போது விரிசல் விடும், சுருங்கின இடத்தில் பொந்து விழும். எங்கள் தொழிலில் எல்எம்25 அல்லது எல்எம்6 எடுப்போம். எல்எம்25இல் சிலிக்கன் 7% அளவு, எல்எம்6இல் 12% அளவு. கல்லூரிப் பிள்ளைகள் வருஷா வருஷம் 6061 பாரைத் தூக்கிக்கொண்டு வந்து உருக்கித் தரச் சொல்கிறார்கள். ஏன் இந்த அலாய் என்று கேட்டால், போன வருஷம் சீனியர் செய்தார் என்கிறார்கள். இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அடுத்தது அடர்த்தி. 2.48 வந்ததற்குச் சந்தோஷப்பட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் காம்போசிட்டில் 90 கிராம் அலுமினியம், 2.70ஆல் வகுத்தால் 33.3 கன செ.மீ. சாம்பல் 10 கிராம். அதன் அடர்த்தியை 2.1 என்று வைத்தால் 4.8 கன செ.மீ. மொத்தம் 38.1. அப்படியானால் ஓட்டையே இல்லாத காம்போசிட்டின் அடர்த்தி 2.62 வர வேண்டும். உங்களுக்கு 2.48. குறைகிற 5 சதவீதத்துக்கு மேற்பட்ட பங்கு வெறும் காற்று. எடை குறைந்தது சாம்பலால் கொஞ்சம், பொந்தால் நிறைய.

அந்தப் பொந்து எங்கிருந்து வந்தது? உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைக் குடிக்கும். உறைகிற நேரத்தில், குடித்ததில் 20இல் ஒரு பங்கைத்தான் தனக்குள் வைத்துக்கொள்ள முடியும், மீதியை வெளியே தள்ளும். வெளியேற வழியில்லாத வாயு பின்ஹோலாக நிற்கும். அந்த ஹைட்ரஜன் வருவது ஈரத்திலிருந்து. வெளியில் குவித்த சாம்பலை 110 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் மேல் ஈரம் போகும். துகளின் மேல் ஒட்டிய வாயு போகாது. அதோடு 600 ஆர்பிஎம்மில் ஒரு கிலோ மெல்டைச் சுற்றினால் சுழி குரூசிபிளின் அடி வரை இறங்கி, மேலே இருக்கிற ஆக்சைடு தோலையும் காற்றையும் சேர்த்து உள்ளே இழுக்கும்.

கடினம் ஏறி வலிமை இறங்குவது இதனால்தான். கடினத்தன்மை பார்க்கும் குண்டு அழுத்துவது சின்ன இடத்தை. அங்கே துகள் இருந்தால் எண் ஏறும். இழுக்கும்போது கம்பி அறுந்துபோவது, இருக்கிறதிலேயே மோசமான பொந்தில். இரண்டு சோதனையும் இரண்டு வேறு கேள்வி கேட்கின்றன.

ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள், தெரிந்து செய்தீர்களா தெரியவில்லை: சாம்பல் போட்ட பிறகு மாத்திரை போடவில்லை. அந்த மாத்திரை ஹெக்சாகுளோரோஈத்தேன். அதிலிருந்து வரும் குளோரின் வாயு, துகளை உலோகத்திலிருந்து பிரித்து மேலே கொண்டுவந்துவிடும். அதே குளோரின் மக்னீசியத்தையும் தின்னும். 6061இல் 1% இருக்கிறது என்று நீங்கள் நம்பியது, மாத்திரைக்குப் பிறகு அப்படியே இருந்திருக்காது. அந்தப் புகையை முகர வேண்டாம், உலைக்கு மேல் எக்ஸாஸ்ட் ஓடட்டும்.

இப்போது செய்ய வேண்டியது: சாம்பல் இல்லாமல், கலக்காமல் ஒரு வார்ப்பு. சாம்பல் இல்லாமல், கலக்கி ஒரு வார்ப்பு. அப்புறம் சாம்பலோடு ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் சாம்பலைக் குற்றம் சொல்லவும் கூடாது, பாராட்டவும் கூடாது.

#5 · நுண்ணோக்கி

மணல்வார்ப்பு ஐயா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டேன். உள்ளே நடக்கும் வேதியியலை மட்டும் சேர்க்கிறேன். நான் பெங்களூரில் உலோகவியல் ஆய்வில் இருக்கிறேன். அலுமினிய காம்போசிட்டை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் பத்து வருடமாக வேலை.

சேம்பு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 750 டிகிரியில் அலுமினியத்துக்கும் சாம்பல் துகளுக்கும் உள்ள உறவு அதுதான். துகளை அலுமினியம் நனைக்காது. நனையாத துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவியலாகும், குவியலின் நடுவில் காற்று சிக்கும். அதனால்தான் மக்னீசியம் சேர்க்கிறோம். அது துகளின் மேலுள்ள ஆக்சைடோடு வினைபுரிந்து ஸ்பினல் என்ற மெல்லிய படலத்தை உண்டாக்கும். அதன் வழியாகப் பிடிப்பு வரும். ஆனால் அந்த மக்னீசியம் அங்கேயே செலவாகிவிடுகிறது. 6061இலும் எல்எம்25இலும் டி6 வலிமையே மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த நுண்படிவிலிருந்துதான் வருகிறது. சாம்பல் அதைத் தின்றுவிட்டால் ஹீட் ட்ரீட்மென்ட் செய்தாலும் எதிர்பார்த்த வலிமை ஏறாது. இதை ஈடுகட்டத்தான் 1% அளவு கூடுதலாகப் போடுவது. அலுமினியத் தாளில் சுற்றி மெல்டுக்கு அடியில் அமுக்க வேண்டும், மேலே போட்டால் எரிந்துவிடும்.

சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அலுமினா, அவை சேர்ந்த முல்லைட், கொஞ்சம் இரும்பு ஆக்சைடு. இவற்றில் அலுமினா மட்டும்தான் அலுமினியத்துக்குப் பக்கத்தில் சும்மா இருக்கும். சிலிக்காவிலிருந்தும் முல்லைட்டிலிருந்தும் அலுமினியம் ஆக்சிஜனைப் பறித்துத் தான் அலுமினாவாகும். விடுபட்ட சிலிக்கன் மெல்டில் கரையும். இரும்பு ஆக்சைடிலும் அதேதான், தண்டவாளம் ஒட்டுகிற தெர்மிட் வினை. வெளிவந்த இரும்பு, அலுமினியம் சிலிக்கனோடு சேர்ந்து ஊசி ஊசியாக உறையும். வெட்டி மெருகேற்றிப் பார்த்தால் அந்த ஊசிகள் தெளிவாகத் தெரியும். விரிசல் அவற்றின் ஓரமாகவே ஓடியிருக்கும். பூச்சில்லாத உங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டிரரும் கரைந்து இரும்பைக் கொடுத்திருக்கும். அதன் மேல் சிர்கோனியா என்ற ஆக்சைடைப் பூசுங்கள்.

வினை மெதுவாகத்தான் நடக்கும். அதனால் வெப்பநிலையும் நேரமும் உங்கள் கையில் இருக்கின்றன. 750 வேண்டாம், 720 போதும். இன்னும் நல்ல வழி, அரைத்திட நிலையில் கலக்குவது. எல்எம்25 உறையத் தொடங்குவது 615 டிகிரி வாக்கில். 600க்குப் பக்கத்தில் கஞ்சி பதத்துக்கு வந்ததும் சாம்பலைச் சேருங்கள். கெட்டியாக இருப்பதால் துகள் மிதந்து வெளியேறாது. பிறகு சூட்டை ஏற்றி, மெதுவாக ஒரு கலக்கு கலக்கி ஊற்றலாம்.

மிதப்பது என்றதும் இன்னொன்று. சிலிக்கன் கார்பைடு போட்டவர்கள் துகள் அடியில் படியும் என்று எச்சரிப்பார்கள். அதன் அடர்த்தி 3.2. உருகிய அலுமினியம் 2.4க்குச் சற்றுக் கீழே. சாம்பல் அதைவிட லேசு, ஆகவே மேலே வரும். கலக்குவதை நிறுத்தியதும் ஊற்றிவிட வேண்டும். குரூசிபிளின் அடியில் இருந்து கடைசியாக வந்த வார்ப்பையும் முதலில் வந்ததையும் தனித்தனியாகக் குறித்து வைத்து, இரண்டிலும் அடர்த்தி பாருங்கள்.

#6 · காவேரிப்பாலம்

தங்கச்சி, செங்கல் சூளைக் குவியலில் எடுத்தது என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஓர் அனல்மின் நிலையத்தில், புகையிலுள்ள சாம்பலை மின்சாரத்தால் பிடிக்கும் இஎஸ்பி பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

சாம்பல் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அது ஒரே பொருள் இல்லை. பாய்லர் அடியில் விழுவது கட்டிக்கட்டியாக இருக்கும், உங்களுக்கு ஆகாது. குளத்துக்குத் தண்ணீரோடு தள்ளிய சாம்பலில் எல்லாம் கலந்து கிடக்கும், மண்ணும் சேரும். உங்களுக்கு வேண்டியது இஎஸ்பியில் பிடித்த உலர் சாம்பல். அதிலும் வித்தியாசம் உண்டு. புகை முதலில் நுழையும் வரிசையின் ஹாப்பரில் (சேகரிப்புத் தொட்டியில்) விழுவது அளவிலும் அதிகம், பருமனும் அதிகம். கடைசி வரிசை ஹாப்பரில் விழுவது முகப்பவுடர் மாதிரி இருக்கும். சைலோவில் (சேமிப்புக் கோபுரத்தில்) எல்லாம் சேர்ந்துவிடும், ஆனாலும் உலர்ந்தது. எந்த வரிசை, எந்த நாள், என்ன நிலக்கரி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒடிசா நிலக்கரியில் வரும் சாம்பலும், இறக்குமதி நிலக்கரியைக் கலந்தெரித்தால் வருவதும் ஒன்றாக இருக்காது.

நெய்வேலிச் சாம்பலை இதோடு சேர்த்து நினைக்க வேண்டாம். பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்.

கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துக் கறுப்பாக இருந்தால் எரியாத கரி நிறைய இருக்கிறது என்று அர்த்தம். 800 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்தால் கரியும் போகும், ஈரமும் போகும். முன்னும் பின்னும் எடை போடுங்கள், எவ்வளவு கரி இருந்தது என்று தெரிந்துவிடும். வறுத்ததை உடனே மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, சூடாகவே மெல்டுக்குக் கொண்டுபோங்கள். முகமூடி கட்டாயம். சாதாரணத் துணி போதாது. அந்தத் தூசியில் படிக சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. எங்களோடு வேலை பார்த்தவர்களில் இருமலோடு வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

#7 · கழிமுகம்

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். நான் உலோகவியல்காரன் இல்லை, எண்ணூரில் பிறந்து வளர்ந்தவன். சாம்பல் படிந்த ஆற்றைப் பார்த்தவன். அதனால் ஒரு கேள்வி.

இந்த மாதிரி ஆய்வுகளின் முதல் பக்கத்தில் எல்லாம் "தொழிற்கழிவைப் பயனுள்ள பொருளாக்கிச் சுற்றுச்சூழலைக் காப்பது" என்று ஒரு வரி இருக்கும். இந்தியாவில் ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் சாம்பல் விழுகிறது. அலுமினியத்தில் கலந்தால் இதில் எவ்வளவு தீரும்? யாராவது கணக்குப் போட்டதுண்டா? கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#8 · நுண்ணோக்கி

கழிமுகம், நேர்மையான கேள்வி. கணக்கு இதோ.

இந்தியாவின் முதனிலை அலுமினிய உற்பத்தி ஆண்டுக்கு 40 லட்சம் டன் வாக்கில். அத்தனை அலுமினியத்திலும், ஒரு கிலோகூட விடாமல், 10% சாம்பல் கலந்தாலும் செலவாவது ஏறக்குறைய 4 லட்சம் டன். 20 கோடியில் அது 0.2%. நடக்கவே முடியாத உச்ச அளவுக்கே கணக்கு இவ்வளவுதான். சாம்பலை உண்மையில் தின்பவை சிமென்ட்டும் செங்கல்லும் சாலை மேடும் சுரங்கக் குழி நிரப்புவதும்தான். போர்ட்லாண்ட் பொஸோலானா சிமென்ட்டில் 35% வரை சாம்பல் போகலாம்.

இன்னொரு கணக்கும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் இது என்னையே உலுக்கியது. ஒரு கிலோ அலுமினியத்தை மின்னாற்பகுப்பில் எடுக்க 14 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நாட்டு உருக்காலைகள் பெரும்பாலும் சொந்த அனல்மின் நிலையத்தில்தான் ஓடுகின்றன. யூனிட்டுக்கு 0.7 கிலோ நிலக்கரி என்றால் ஏறக்குறைய 10 கிலோ நிலக்கரி. அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஆக, ஒரு கிலோ அலுமினியம் பிறக்கும்போதே 3 கிலோவுக்கு மேல் சாம்பலும் பிறந்துவிடுகிறது. அதில் 100 கிராமைத் திரும்ப அதற்குள்ளேயே கலக்குகிறோம்.

இதையே மறுபக்கமாகவும் பார்க்கலாம். சாம்பல் அடைத்த இடத்தில் அந்த அளவு அலுமினியம் தேவையில்லை, அதற்கான மின்சாரமும் மிச்சம். பிரதீப் ரோகத்கி இந்த வாதத்தைத்தான் முன்வைத்தார். 1960களில் நிக்கல் பூசிய கிராஃபைட்டை அலுமினியத்தில் கலந்து பார்த்தவர்களில் அவர் ஒருவர். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், திருவனந்தபுரம், போபால் ஆய்வகங்கள் என்று இருந்து, அமெரிக்காவின் மில்வாக்கியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சாம்பல் காம்போசிட்டுக்கு 'ஆஷ்அல்லாய்' என்றே பெயர் வைத்தார். சாம்பலில் இருக்கும் உள்ளீடற்ற உருண்டைகளை அலுமினியத்தில் அடைத்து லேசான நுரை உலோகம் செய்வதிலும் அவர் குழுதான் முன்னோடி. அந்த உருண்டையின் அடர்த்தி 0.4 முதல் 0.7 வரை, தண்ணீரிலேயே மிதக்கும். எனக்கு உண்மையான நம்பிக்கை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. மோதலில் நசுங்கி ஆற்றலை விழுங்கும் பாகங்களுக்கு அதற்கு ஈடான மலிவான பொருள் குறைவு.

தறிக்கரை, உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் சுற்றுச்சூழலைக் காப்பதாக எழுதாதீர்கள். தேய்மானம், விலை, எடை பற்றி எழுதுங்கள். அவை உண்மை.

#9 · கழிமுகம்

0.2 சதவீதம். நன்றி அக்கா. இதை இவ்வளவு வெளிப்படையாக ஒருவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். 1999லேயே சாம்பல் பயன்பாட்டுக்கு அறிவிக்கை வந்தது, 2021 டிசம்பரில் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்று மறுபடி வந்தது. பயன்பாடு என்ற கணக்கில் எது எதைச் சேர்க்கிறோம் என்பது எங்கள் ஊருக்கு முக்கியம்.

#10 · மணல்வார்ப்பு

கணக்கு கேட்டதால் என் மனதில் கிடக்கிறதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வு செய்கிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

எங்களைப் போன்ற சின்ன ஃபவுண்டரி ஓடுவது ஸ்கிராப்பில். பழைய பம்பு, வண்டி இன்ஜின் கவர், பாத்திரம், ஜன்னல் சட்டம். அலுமினியத்தைத் திரும்ப உருக்க, புதிதாக எடுப்பதில் 5% அளவு சக்தி போதும். உலோகத்திலேயே இதற்கு இருக்கிற பெரிய வரம் அதுதான். நாளைக்குச் சாம்பல் கலந்த பாகம் ஸ்கிராப் குவியலில் வந்து விழுந்தால் எனக்கு எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்தால் அலுமினியம்தான். உருக்கினால் பாதி சாம்பல் கசடோடு வரும், கூடவே நல்ல உலோகத்தையும் இழுத்துக்கொண்டு. மீதி மெல்டில் இருக்கும். அதில் ஊற்றிய பம்பு உடலில் தண்ணீர் கசியும், ஏன் என்று தெரியாமல் நான் கோர் என்கிற உள் அச்சையும் மணலையும் திட்டிக்கொண்டிருப்பேன். மெஷின் ஷாப்காரர், டூல் முனை போகிறது என்று சண்டைக்கு வருவார்.

உப்பு ஃப்ளக்ஸ் போட்டுச் சுழலும் உலையில் உருக்கினால் துகளைப் பிரிக்கலாம் என்று தெரியும். அந்த வசதி எத்தனை பேரிடம் இருக்கிறது? காம்போசிட் பாகம் என்று அடையாளம் வார்ப்பிலேயே எழுத்தாகப் பதிய வேண்டும், தனியாகத் திரும்ப வாங்க வேண்டும். அது இல்லாமல் இதைச் சந்தைக்கு விடுவது எனக்குச் சம்மதம் இல்லை.

#11 · உலைமூட்டி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சேலம், டிப்ளமோ படிக்கிறேன். மேட்டூரில் பழைய அலுமினிய ஆலையின் செஞ்சேறு கிடக்கிறதே, சாம்பலுக்குப் பதில் அதைப் போடலாமா?

#12 · நுண்ணோக்கி

தம்பி, நல்ல யோசனை, ஆனால் சாம்பலைவிடக் கடினமான பொருள். பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினா எடுத்த பிறகு மிச்சமாவது செஞ்சேறு. 1965 முதல் 2008 வரை ஓடிய மேட்டூர் ஆலைக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் வந்தது. அந்த மலைகளின் இரும்பெல்லாம் இந்தச் சேற்றில்தான் தங்கியிருக்கிறது, அதனால்தான் அந்த நிறம். ஒரு டன் அலுமினாவுக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் வரை இது விழும்.

போடலாம், போட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டு சிக்கல். ஒன்று இரும்பு ஆக்சைடு. மேலே சொன்ன தெர்மிட் வினையும் ஊசிகளும் இதில் பல மடங்கு. இரண்டு, காரம். சேற்றின் பிஎச் 10க்கு மேல் இருக்கும், வெறும் கையால் தொடக்கூடாது. 2010 அக்டோபரில் ஹங்கேரியில் ஆய்க்கா என்ற ஊரில் செஞ்சேற்றுக் குளம் உடைந்தபோது 10 பேர் இறந்தார்கள். உடம்பு வெந்தவர்கள் நிறையப் பேர். சேற்றில் ஒட்டியிருக்கும் சோடியம், மக்னீசியம் அதிகமுள்ள அலுமினிய அலாய்களைச் சூட்டில் உருட்டும்போது விரிசல் விட வைக்கும். பலமுறை கழுவி, நடுநிலையாக்கி, காய்ச்சி, சலித்துத்தான் பயன்படுத்த வேண்டும். அத்தனை செலவுக்குப் பிறகு அது மலிவான துகளா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

#13 · தறிக்கரை

நான்கு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி சொல்ல வார்த்தை போதாது. செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் பழைய முறையிலேயே, சாம்பல் இல்லாமல் 6061 ஊற்றினேன். கலக்காமல் ஊற்றியது 131 மெகாபாஸ்கல். 600 ஆர்பிஎம்மில் 10 நிமிடம் கலக்கி ஊற்றியது 112, அடர்த்தி 2.60. சாம்பல் ஒரு துளிகூட இல்லை, வெறும் கலக்கலிலேயே 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் பொந்து. அன்று ராத்திரி விடுதியில் தூக்கம் வரவில்லை. மூன்று மாதமாக நான் சாம்பலைச் சோதிக்கவே இல்லை, என் ஸ்டிரரைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எல்எம்25க்கு மாறினேன். வழிகாட்டி தயங்கினார், இந்த மூன்று எண்ணையும் காட்டியதும் ஒப்புக்கொண்டார். காவேரிப்பாலம் ஐயா சொன்னபடி சைலோவிலிருந்து உலர் சாம்பல் வாங்கி, 800 டிகிரியில் வறுத்தேன். எடையில் 6% மட்டும். மக்னீசியம் 1%. ஸ்டிரருக்குச் சிர்கோனியா பூச்சு, வேகம் 350. கஞ்சி பதத்தில் ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்தேன். முழுவதும் உள்ளே போக 12 நிமிடம் ஆனது. டையைச் சூடு செய்து ஊற்றினேன்.

கலக்காத எல்எம்25: 168. கலக்கியது: 159. சாம்பலோடு: 155. அடர்த்தி 2.59, கணக்குப்படி 2.64 வர வேண்டும், ஆகப் பொந்து 2 சதவீதத்துக்குக் கீழே. நீட்சி மட்டும் 3.1 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. சுழலும் எஃகு டிஸ்க்கில் மாதிரியை அழுத்தித் தேய்க்கும் பின்-ஆன்-டிஸ்க் சோதனையில் 20 நியூட்டன் சுமையில் தேய்மானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 50 நியூட்டனில் அந்த லாபம் காணாமல் போகிறது, ஒரு மாதிரியில் சாம்பல் இல்லாததைவிட மோசம்.

தலைப்பில் இருந்த "வலிமையூட்டுதல்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். "குறைந்த சுமையில் தேய்மான நடத்தை" என்று மாற்றி அனுமதி வாங்கியாகிவிட்டது.

#14 · நுண்ணோக்கி

தறிக்கரை, மனம் நிறைந்தது. 155 என்பது 159ஐவிட ஏறவில்லையே என்று கவலைப்படாதீர்கள். கலக்கியதோடு ஒப்பிட்டதால்தான் அந்த 4 மெகாபாஸ்கலுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. மாதிரிகளின் சிதறலைப் போட்டால் இரண்டும் ஒன்றே என்றுகூட வரலாம். எத்தனை மாதிரி இழுத்தீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.

50 நியூட்டனில் நடப்பது எதிர்பார்த்ததுதான். அதிகச் சுமையில் துகள்கள் பிடி விட்டு வெளியே வந்து, இரண்டு பரப்புக்கும் நடுவில் அரைப்பு மணலாக உருளும். தேய்ந்த பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள், துகள் பிடுங்கிய குழிகளும் நீளக் கீறல்களும் தெரியும். எதிரே இருக்கிற எஃகு டிஸ்க்கின் தேய்மானத்தையும் அளந்தீர்களா? சாம்பல் பாகம் தேயாமல், தன்னோடு உரசுகிற பாகத்தைத் தின்றுகொண்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

#15 · தறிக்கரை

ஐந்து ஐந்து மாதிரி இழுத்தேன் அக்கா, சிதறலைப் போடுகிறேன். டிஸ்க்கை எடை போடவில்லை. நாளைக்கே மறுபடி ஓட்டுகிறேன், நேரம் இருக்கிறது.

#16 · காவேரிப்பாலம்

வறுக்கும் முன்னும் பின்னும் எடை போட்டீர்களா தங்கச்சி? எவ்வளவு இறங்கியது?

#17 · தறிக்கரை

போட்டேன் ஐயா. 100 கிராமுக்கு 3 கிராம் இறங்கியது. வறுத்த பிறகு சாம்பல் நிறம் போய் லேசான செம்மண் நிறம் வந்தது, அது இரும்பா?

#18 · காவேரிப்பாலம்

கரி போனதும் அடியில் இருந்த இரும்பு ஆக்சைடின் நிறம் தெரிகிறது. அந்தப் படத்தையும் அறிக்கையில் வையுங்கள்.

#19 · மணல்வார்ப்பு

அம்மிணி, டை எத்தனை டிகிரியில் இருந்தது என்று எழுதவில்லை. 250ஐத் தொட்டதா? அளந்து ஊற்றியிருந்தால் சரி, கையை நீட்டிப் பார்த்து ஊற்றியிருந்தால் இன்னொரு தடவை ஊற்ற வேண்டும். உங்கள் கல்லூரி உலை காலியாக இல்லையென்றால் சனிக்கிழமை குறிச்சிக்கு வாருங்கள். காலை ஆறு மணிக்கு உலை பற்ற வைப்போம், ஒன்பதுக்குள் மெல்ட் தயார். வறுத்த சாம்பலை மூடிய டப்பாவில் கொண்டுவந்தால் போதும், மற்றதெல்லாம் இங்கே இருக்கிறது. மீந்த காம்போசிட்டை மட்டும் என் ஸ்கிராப் குவியலில் போட விடமாட்டேன், நீங்களே எடுத்துப் போய்விட வேண்டும்.

#20 · தறிக்கரை

கையை நீட்டித்தான் பார்த்தேன் ஐயா. சனிக்கிழமை வருகிறேன்.